தலையாட்டினால் கேட்டதாக அர்த்தம்

கதவு மூடிய சத்தம் கொம்பையாவுக்குக் கேட்கவில்லை. இரண்டு காதிலும் யாரோ உள்ளங்கையை வைத்து அமுக்கினாற்போல ஒரு திணறல் வந்தது, அதை வைத்துத்தான் மூடிவிட்டாள் என்று தெரிந்துகொண்டார். பெரியாஸ்பத்திரியின் காது பரிசோதனை அறைக்குள்ளேயே, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இந்தப் பெட்டி. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் துணி போர்த்தியிருந்தார்கள், முன்னால் சதுரமாக ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மிஷினுக்கு முன்னால் நூர்ஜமீலா என்ற அந்தப் பெண். காதில் ஹெட்போனை மாட்டிவிடும்போது முகத்துக்கு நேரே நின்று சொன்னாள், அதனால் உதட்டிலேயே படித்துவிட்டார். 'சத்தம் எவ்வளவு சின்னதா கேட்டாலும் பொத்தானை அமுக்குங்க சார். கேக்கலன்னா அமுக்க வேண்டாம்.' இதில் என்ன கஷ்டம் இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக ஆயுதப்படைப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததும் கிட்டத்தட்ட இதுதானே, சொன்னால் விரலை அமுக்கு, சொல்லாவிட்டால் விரலை வெளியே வை. இருபது நிமிஷ வேலை. இருபது நிமிஷம் கழித்து ஒரு காகிதம் தருவார்கள். காது நல்ல காது என்று அதில் இருந்தால், ஏட்டையாவிடம் முன்னாலேயே சொன்னேன் என்று வாக்குமூலம் கொடுத்த ஜெபரூபி பொய் சொல்லிவிட்டாள் என்று ஆகும், பயிற்சியில் இருக்கிற பெண், இருபத்திரண்டு வயசு, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கெட்ட காது என்று இருந்தால் ஏட்டு கொம்பையா காது கேட்காமலே சுடுதளத்தில் நின்று உத்தரவு போட்டிருக்கிறார், கேட்கும் என்று வருஷா வருஷம் ஏமாற்றியிருக்கிறார் என்று ஆகும். இன்ஸ்பெக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். 'டெஸ்ட்டு மட்டும் நார்மல்னு வாங்கிட்டு வாரும் ஏட்டு. அந்தப் பொண்ணு உம்மகிட்ட சொல்லவே இல்லன்னு எழுதி முடிச்சிருதேன்.' பொத்தான் கையில் வழுக்கியது.

நூர்ஜமீலாவின் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம். மணி பத்து இருபது. அதன் கண்ணாடியில் மிஷினின் பச்சை விளக்கு ஒரு கடுகு அளவுக்கு விழுந்திருந்தது, இப்போது எரிந்தது, இப்போது அணைந்தது. கொம்பையா அமுக்கினார். மூன்று வருஷமாக இதே பெட்டி, இதே கடிகாரம், இதே கடுகு. முதல் வருஷம் இதைக் கண்டுபிடித்தபோது மாரியாத்தாளே கண்ணைத் திறந்துவிட்டாள் என்று இருந்தது. சத்தம் விடுகிறபோது விளக்கு எரியும், எரிந்தால் அமுக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் அமுக்கிவிடக் கூடாது, அப்புறம் இது மனுசக் காதா நாய்க் காதா என்று சந்தேகம் வந்துவிடும், மூன்றுக்கு ஒன்றை விட்டுவிட வேண்டும். இப்படி மூன்று வருஷமாக அவருக்காகக் கண்தான் கேட்டது. எரிந்தது, அமுக்கினார். எரிந்தது, அமுக்கினார். எரிந்தது, விட்டார். வெளியே பெஞ்சில் பிரம்மசக்தி உட்கார்ந்திருப்பாள், பையை மடியில் வைத்துக்கொண்டு, பையின் காதைத் திருகிக்கொண்டு. இருபத்து மூன்று வருஷக் குடித்தனம். பஸ்ஸில் வரும்போது அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, உதடு தெரியும்படி சொன்னாள். 'இந்தா பாருங்க. அந்தப் பிள்ள சின்ன வயசு, வேற வேலை பாத்துக்கிடும். உங்களுக்கு இந்த வயசுல யாரு வேலை குடுப்பா? காது கேக்காத ஆளுக்கு வாச்மேன் வேலகூட கிடையாது.' அவள் சொன்னதில் தப்பு என்ன. கெட்டவளா அவள். பக்கத்து வீட்டுக் கோழி செத்தால் அழுகிறவள். சின்ன வயசு, வேற வேலை பாத்துக்கிடும். எரிந்தது, அமுக்கினார். பாத்துக்கிடும், பாத்துக்கிடும். காதுக்குள் சுவர்க்கோழி கத்திக்கொண்டே இருந்தது.

சுவர்க்கோழி என்பது காதுக்குள் ஓயாமல் கேட்கிற கிரீச்சுக்கு அவராக வைத்த பெயர். டாக்டர்கள் வேறு என்னவோ சொல்வார்கள், அவர் எந்த டாக்டரிடம் போனார். எப்போது வந்து குடியேறியது என்று சரியாகச் சொல்ல முடியாது. ரேஞ்சுக்கு வந்த ஏழாவது வருஷமா எட்டாவதா. மலையடிவாரத்தில் சுடுதளம், எதிரே மண்மேடு, ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு குண்டு. சுடுகிற பிள்ளைக்கு வருஷத்துக்கு நாற்பது குண்டு, சொல்லிக்கொடுக்கிற ஆளுக்கு அத்தனை பேர் குண்டும். காதுக்கு அரசாங்கம் பஞ்சு கொடுத்தது. ஒரு பொட்டலம் பஞ்சு, அதை ஆளுக்குக் கிள்ளிக் கிள்ளி. பஞ்சை வைத்தால் சத்தம் நிற்காது, ஆனால் பிள்ளைகள் சொல்வது கேட்காது, அதனால் பஞ்சை எடுத்துவிட்டு நின்றார். ஆம்பளைக்கு என்ன பஞ்சு என்று ஒரு திமிரும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அப்புறம் டி.வி. சத்தம் கூடியது. 'தெரு முழுக்க நியூஸ் கேக்கட்டும்' என்றாள் பிரம்மசக்தி, அப்போது சிரித்துக்கொண்டு. அப்புறம் குக்கர் விசில் போனது, கொசு போனது, செல்போன் போனது. அப்புறம் பெண்பிள்ளைகள் குரல். ஆண் குரல் அடித்தொண்டையில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது, பெண் குரல் மட்டும் வாய் அசைகிறது, ஒன்றும் வரவில்லை. அந்த வருஷம் பார்த்துத்தானா பெண்கள் அணியை அவர் தலையில் கட்ட வேண்டும். முதல் நாள் ஒரு பிள்ளை என்னவோ கேட்டாள், அவர் தலையாட்டினார். இரண்டாவது தடவை கேட்டாள், மறுபடி ஆட்டினார். மூன்றாவது தடவை கேட்க வந்தவளைப் பார்த்து அவருக்குப் பயம் வந்துவிட்டது, பயம் வந்தால் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். 'ரேஞ்சுல வாய் கூடாது. எதுன்னாலும் ஒரே தடவை சொல்லணும். நான் தலையாட்டுனா கேட்டாச்சுன்னு அர்த்தம். திருப்பிச் சொன்னா அஞ்சு ரவுண்டு ஓட்டம்.' அது சட்டம் ஆகிவிட்டது. ஏட்டையா ரேஞ்சில் என்ன ஒழுங்கு, ஒரு சத்தம் கிடையாது என்று மேலதிகாரிகள் மெச்சினார்கள். ஜெபரூபியே ஒரு தடவை ஓடியிருக்கிறாள், ஐந்து ரவுண்டும், ஒரு வார்த்தை பேசாமல். எரிந்தது. அமுக்கினார். இடது காது முடிந்திருக்கும்போல, நூர்ஜமீலா காகிதத்தில் குறித்துவிட்டுக் கையால் வலது பக்கத்தைக் காட்டினாள். அவர் தலையாட்டினார்.

வலது காது. பத்து முப்பது. இது துப்பாக்கி வாய்க்கு நேரே நிற்கிற காது இல்லை, இடதைவிடக் கொஞ்சம் தேவலை, என்ன தேவலை, கிணற்றில் ஒரு முழம் தண்ணீர் இருக்கிற தேவலை. இந்தக் காதில்தான் ஒரு நாள் ஒரு சின்னச் சத்தம் விழுந்தது. ஒரு புது ரைபிளை வெளியூர் ஸ்பெஷல் டீம்காரர்கள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் காட்டிப்போக வந்தார்கள். முனையில் ஒரு சாண் குழாய். சைலன்சர். சினிமாவில் பார்த்திருக்கிறோமே, வில்லன் மெதுவாகத் திருகி மாட்டுவானே, புஸ் என்று சத்தம் வருமே. அப்படியெல்லாம் இல்லை. அந்த டீமில் ஒரு மலையாளத்து ஆள், நல்ல மாதிரி, வாயைத் திறந்து நிதானமாகப் பேசுகிறவர், 'இது ஒளிஞ்சு கொல்லுறதுக்கு இல்ல ஏட்டே, சுடுறவன் காதுக்கு' என்றார். 'புஸ்ஸுன்னு வராது. வெடி வெடிதான். குண்டு காத்தக் கிழிக்கிற சத்தம் இருக்கும். காதுல அறையிற அந்த அடி மட்டும் இருக்காது. இருந்தாலும் காதையும் மூடிக்கணும்.' ஏட்டையா எப்போது காதை மூடியிருக்கிறார். அப்படியே ஐந்து ரவுண்டு சுட்டார். பலகையைப் பலகையால் அடித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஐந்தாவது சுட்டபோது காலித் தோட்டா தெறித்துப் பக்கத்துக் கல்லில் விழுந்தது, விழுந்து, கிணிங் என்றது. காலித் தோட்டாவுக்கு ஒரு சத்தம் உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை லட்சம் தோட்டாவைப் பொறுக்கி எண்ணி மூட்டை கட்டியிருப்பார், ஒன்றுகூட விழுந்து கேட்டதில்லை, முந்தின வெடியில் காது செத்துக் கிடக்கும். ஷூ கயிறு கட்டுவதுபோலக் குனிந்துகொண்டு அழுதார். மறுநாள் மனு எழுதினார், கட்டம் போட்ட தாளில், மரியாதையாக, பயிற்சியாளர்களின் செவிநலன் கருதி எட்டு சைலன்சர் வேண்டும் என்று. டி.எஸ்.பி. சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது, சத்தம் இல்லாமல் வயிறு குலுங்க. 'என்ன வே, சைலன்சர் கேக்கீரு? யாரத் தீக்கப் போறீரு?' ரூமில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், எல்லோரும் சிரித்தால் சிரித்துவிடுவது அவர் வழக்கம். மனு திரும்பி வந்தது, பஞ்சு ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளது என்று.

மச்சினன் தங்கதுரை அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான், அவனிடம் இதைச் சொன்னபோது வாட்ஸ்அப்பில் முழ நீளத்துக்கு எழுதி அனுப்பினான். 'அத்தான், இங்க அது கடையில இருக்கு. ரேகை வச்சு, பதிவு பண்ணி வாங்கணும். அந்தப் பதிவும் கூடாது, துப்பாக்கி எங்க உரிமைன்னா காதக் காப்பாத்துறதும் எங்க உரிமைதானன்னு ஒரு கூட்டம் சண்டை போடுது. காதுக்கு வேற வழி இல்லையா, கடைத்தெருவுல ஒருத்தன் சுட ஆரம்பிச்சா எங்கிருந்து வருதுன்னு தெரியாம ஜனம் சாகும்னு இன்னொரு கூட்டம். எங்க ஆபீஸ்லயே ரெண்டு பேர் இதுனால பேசிக்கிடுறது இல்ல.' அப்போது கொம்பையா முதல் கூட்டத்தின் பக்கம்தான் நின்றார், மனசார நின்றார். ஓடுகிறவன் காலுக்குச் செருப்பு கொடுக்கிறது இல்லையா. அந்த இரண்டாவது கூட்டத்துக்குக் காதுக்குள் சுவர்க்கோழி கத்தினால் தெரியும் என்று திட்டினார். இப்போது, இந்தப் பெட்டிக்குள், எரிந்தது, அமுக்கினார், எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியவில்லை. ஏனென்றால் முத்துப்பேச்சி, ஜெபரூபியோடு பயிற்சியில் இருந்த பிள்ளை. முத்துப்பேச்சி தரையோடு தரையாகப் படுத்தது சத்தத்தைக் கேட்டு. இந்த இடத்துக்கு வந்ததும் மனசு கால் இடறிய மாடு மாதிரி நின்றுவிடும். நாற்பது நாளாக இதே இடம்.

அன்றைக்குக் காலை எட்டரை. வெயில் இன்னும் ஏறவில்லை. எதிரே மண்மேட்டுக்கு முன்னால் எட்டுப் பலகை, பலகைக்குக் கீழே ஆள் உட்காரும் குழி. ஒரு சுற்று சுட்டு முடிந்ததும் குழியில் இருக்கிற நாலு பிள்ளைகள் சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டு மேலே வருவார்கள், குண்டு பட்ட ஓட்டையில் மைதா பசை தடவிக் காகிதம் ஒட்டுவார்கள், மறுபடி குழிக்குள் இறங்கிக் கொடியை இறக்குவார்கள். கொடி இறங்கினால் சுடலாம். கொடி இறங்கியது, அவர் கண்ணால் பார்த்தார், அதில் சந்தேகமே இல்லை. இறங்கின பிறகு முத்துப்பேச்சிக்குப் பசை டப்பா ஞாபகம் வந்திருக்கிறது. நாலாம் பலகைக்குப் பின்னால் விட்டுவிட்டாள். டப்பா போனால் ஏட்டையா ஏசுவார், எடுக்க மேலே ஏறிவிட்டாள். சுட வேண்டாம் என்று குழியில் இருந்தவர்கள் வாக்கிடாக்கியில் சொன்னார்கள், வாக்கிடாக்கி ஜெபரூபி கையில், ஜெபரூபி அவருடைய வலது தோளுக்குப் பக்கத்தில். அவள் வாய் அசைந்தது. ஓரக்கண்ணில் தெரிந்தது, வாய் அசைந்தது, திரும்பி உதட்டைப் பார்த்திருக்கலாம், அரை நொடி, கழுத்தை ஒரு சாண் திருப்பினால் போதும், திருப்பவில்லை. தலையாட்டினார். அவள் ஒரே தடவை சொன்னாள். திருப்பிச் சொல்லக் கூடாது அல்லவா, தலையாட்டினால் கேட்டதாக அர்த்தம் அல்லவா, அவள் அப்படியே நம்பி விறைப்பாக நின்றாள். அவர் விசிலை வாயில் வைத்து ஊதினார். எட்டுத் துப்பாக்கி. முதல் குண்டிலேயே முத்துப்பேச்சி படுத்துவிட்டாள், வெடிச்சத்தம் கேட்டதும் எதிர்த்திசைக்குத் தலையை இழுத்துத் தரையில் முகத்தைப் புதைத்துவிட்டாள், டப்பாவைப் பிடித்த கை மட்டும் மேலே இருந்தது. வலது முழங்கை. எலும்பு பொடிந்துவிட்டது. ஜெபரூபி துள்ளி அவர் முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்துக் கத்தியபோதுதான் அவருக்கு ஏதோ ஒன்று தெரிந்தது, அதுவும் காதால் இல்லை. அவர் கேட்ட அந்தக் குழாய், அந்த மனு மட்டும் சிரிக்காமல் கையெழுத்தாகியிருந்தால், எட்டு ரைபிளிலும் அது இருந்திருந்தால். குண்டு கிழிக்கிற சத்தம் இருக்கும் என்றாரே மலையாளத்து ஆள். இருக்கும், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியுமா. அவள் எந்தப் பக்கம் படுத்திருப்பாள். இல்லை, பத்து வருஷம் முந்தியே அது வந்திருந்தால் இந்தக் காது இருந்திருக்கும், ஜெபரூபி சொன்னது விழுந்திருக்கும், விசிலே ஊதியிருக்க மாட்டார். அப்படியானால் குழாய் இல்லாததால் கை போனது. குழாய் இருந்தால் தலை போயிருக்கும். இரண்டும் நிஜம், இரண்டையும் ஒன்றாக நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படிச் சோறு தின்பது. இல்லை, குழாயை ஏன் இழுக்கிறாய் கொம்பையா. தெரியாமல் ஆட்டியது உன் தலை. எரிந்தது. விரல் தன்பாட்டுக்கு அமுக்கியது.

அமுக்காமல் இருந்துவிடலாமா. கண்ணை மூடிக்கொண்டால் போதும், விளக்கு தெரியாது, சுவர்க்கோழி மட்டும் இருக்கும், அது எப்போது விட்டது எப்போது மிஷின் விட்டது என்று அவருக்கே தெரியாது. வேட்டியும் சட்டையுமாகத் தெருவில் நடக்கிற கொம்பையாவை நினைத்துப் பார்த்தார். வண்டி ஹாரன் கேட்காமல், யார் கூப்பிட்டாலும் திரும்பாமல், செவிட்டுப் போலீசு என்று பிள்ளைகள் சொல்வதும் கேட்காமல். சின்ன வயசு, வேற வேலை பாத்துக்கிடும். பொய்க்காரி என்று விரட்டின பிள்ளைக்கு யார் வேலை கொடுப்பார்கள், அதை ஏன் பிரம்மசக்தி யோசிக்கவில்லை, தான் ஏன் இப்போது யோசிக்க வேண்டும். காலையில் ஆஸ்பத்திரி வராண்டாவில் ஜெபரூபி நின்றாளே. முத்துப்பேச்சிக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள், தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு விறைத்து ஒரு சல்யூட். இவரைக் காட்டிக்கொடுத்த வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டு இவருக்கே சல்யூட். அப்புறம் வாய் அசைந்தது. கண்ணைப் பார்க்கக் கூசி அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தூக்குச்சட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார், தலை ஆடிவிட்டது. என்ன கேட்டாள். எதற்கு ஆட்டினோம். அவள் முகம் சட்டென்று தெளிந்ததே, அழப்போகிறவள் மாதிரியும் சிரிக்கப்போகிறவள் மாதிரியும், தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வேகமாக வார்டுப் பக்கம் போனாளே. என்ன கேட்டாள். எரிந்தது, அமுக்கினார். எரிந்தது, அமுக்கினார். எரிந்தது, விட்டார். என்ன கேட்டாள். பத்து நாற்பத்திரண்டுக்குக் கதவு திறந்தது, காதின் அமுக்கம் விட்டது.

நூர்ஜமீலா ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள். 'நல்லா இருக்கு சார். உங்க வேலைக்கு இவ்வளவு காது மிஞ்சுறது அதிசயம். வெளிய இருங்க, டாக்டர் கையெழுத்துப் போட்டதும் கூப்பிடுதேன்.' வெளியே வந்தார். பிரம்மசக்தி அவர் முகத்தைப் பார்த்தாள், முகத்தில் என்ன இருந்ததோ, 'நல்லபடியா முடிஞ்சிட்டா?' என்றாள். அவர் தலையாட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார். 'காலைல அந்தப் பிள்ள என்ன கேட்டுச்சு?'

'எந்தப் பிள்ள?'

'தூக்குச்சட்டி வச்சிருந்தால்லா. எங்கிட்ட என்னமோ கேட்டா. நீ பக்கத்துலதான் நின்ன.'

பிரம்மசக்தி பையின் காதைத் திருகினாள். 'அதெல்லாம் எதுக்கு இப்ப?'

'சொல்லு.'

முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள், அவர் அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். மறுபடி சொல்ல வேண்டியிருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. '"நான் அன்னைக்கு உங்ககிட்ட சொன்னேன்ல ஐயா"ன்னு கேட்டா. நீங்க ஆமான்னு தலையாட்டுனீங்க. "எனக்கு இது போதும் ஐயா, நீங்க உள்ளதச் சொல்லீருவீங்க"ன்னா. அதுக்கும் ஆட்டுனீங்க. போதுமா?'

அப்படியானால் ஜெபரூபி இப்போது முத்துப்பேச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பாள். சோற்றைப் பிசைந்து இடது கையால் தின்னப் பழகாதவள் வாயில் ஊட்டிக்கொண்டிருப்பாள். ஏட்டையா தலையாட்டிட்டாரு டீ என்று சொல்லியிருப்பாள். தலையாட்டினால் கேட்டதாக அர்த்தம் என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே, அந்தப் பிள்ளை இன்னும் அதை நம்பிக்கொண்டிருக்கிறது, ஒரு கை போன பிறகும். பிரம்மசக்தி முழங்கையால் இடித்தாள். 'உங்களத்தான் கூப்பிடுதாங்க. ரெண்டு தடவ கூப்பிட்டாச்சு.'

எழுந்து போனார். சட்டையின் பின்பக்கத்தை அவள் பிடித்தாள், பிடித்தது தெரிந்தது, விடுவித்துக்கொண்டு போனார். நூர்ஜமீலா காகிதத்தை நீட்டினாள், என்னவோ சொன்னாள், குனிந்து சொன்னதால் உதடு தெரியவில்லை. தலை ஆடப்போனது. கொம்பையா கழுத்தை விறைப்பாக்கி நிறுத்தினார், அணிவகுப்பில் நிற்கிற மாதிரி.

'நீங்க சொன்னது எனக்குக் கேக்கலம்மா' என்றார். தன் குரல் எவ்வளவு பெரிதாக வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை, வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 'அந்தக் காகிதம் வேண்டாம். முதல்ல இருந்து போடுங்க. இந்தத் தடவை அந்தச் சுவர்க் கடியாரத்தக் கழத்தி வச்சிருங்க.'